சுவரில் விழும் கோடு

இரவில், நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில், எதிரே ஒற்றை விளக்கு வந்தால் நம் கண் அதை பைக் என்றே எடுத்துக்கொள்ளும். பைக் என்றால் தன் பக்கத்து ஓரமாகத்தான் வரும், நமக்கு இடம் தாராளம் என்று நினைத்து நடுக்கோட்டை ஒட்டியே ஓட்டிக்கொண்டு போவோம். வருவது வலது ஹெட்லைட் எரியாத கார் என்றால் கதை வேறு. நாம் பார்ப்பது அதன் இடது விளக்கை. அந்த விளக்கிலிருந்து நம் பக்கமாக ஒரு மீட்டருக்கு மேல் நீளும் இரும்பு இருட்டுக்குள் இருக்கிறது. அது கண்ணில் படும்போது ஒதுங்க நேரம் இருக்காது.

அதனால்தான், எந்த பல்பு போனாலும் மாற்ற வேண்டும் என்றாலும், வலது பக்க பல்பு போனால் அடுத்த இரவுப் பயணத்துக்கு முன்பே மாற்றிவிட வேண்டும் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். "ஒண்ணுதான எரியல, இன்னொண்ணு எரியுதுல்ல" என்ற பதிலைப் பல பேரிடம் கேட்டிருக்கிறேன். எரிகிற அந்த ஒன்று எந்தப் பக்கம் என்பதில் ஓர் உயிரே அடங்கியிருக்கலாம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கீழ்நோக்கி விழும் டிம் எரியாவிட்டால், நேராகத் தூரம் அடிக்கும் பிரைட்டிலேயே ஓட்டி ஊர் வந்து சேர்வது. எச்4 வகை பல்பில் டிம்முக்கு ஓர் இழை, பிரைட்டுக்கு ஓர் இழை என்று ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள் இருப்பதால் இது முடிகிறது. ஓட்டுகிறவருக்குச் சாலை நன்றாகத் தெரியும். எதிரே வருகிறவருக்கு எதுவுமே தெரியாது. என் அப்பாவுக்கு அறுபதைத் தாண்டிய பிறகு இரவில் எதிர் வெளிச்சம் பட்டால் சாலையின் ஓரக்கோடே சில நொடிகளுக்கு மறைந்துவிடுகிறது. வயது ஏற ஏற கண்ணின் லென்ஸ் மங்குகிறது. உள்ளே வரும் ஒளியை அது சிதறடித்து விழித்திரை முழுவதும் ஒரு வெள்ளைத் திரையைப் போர்த்துகிறது. கண்புரை தொடங்கியவர்களுக்கு இது இன்னும் மோசம். எதிரே வரும் வண்டிகளில் எத்தனை பேர் அந்த வயதில் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. ஹெட்லைட் பல்பைப் பற்றி நான் யோசிக்கும்போதெல்லாம் அப்பாவின் கண்ணிலிருந்துதான் யோசிக்கிறேன்.

பல்பு மாற்றுவது கால் மணி நேர வேலைதான். ஹாலஜன் பல்பு உள்ள பெரும்பாலான கார்களில் ஸ்பேனர்கூடத் தேவைப்படாது. ஆனால் கை வைப்பதற்கு முன், அந்த பல்பு உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதித் தவறுகள் நடக்காது.

மெக்கானிக்குகள் டூம் என்று சொல்லும் ஹெட்லைட் கூட்டுக்குள், பின்புறம் குழிந்த ஒரு கண்ணாடிப் பரப்பு இருக்கிறது. பல்பின் இழை எந்தப் புள்ளியில் இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தக் குழிவை வடிவமைத்திருக்கிறார்கள். எச்4 பல்பில் பிரைட் இழை அந்தக் குழிவின் குவியத்தை ஒட்டி இருக்கும். டிம் இழை அதற்குச் சற்று முன்னால். டிம் இழைக்குக் கீழே சிறு கரண்டி வடிவில் ஒரு தகடு இருப்பதை பல்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் காணலாம். டிம் இழையின் ஒளி கீழ்ப்பக்கம் போகாமல் அந்தத் தகடு தடுத்துவிடும். மேல்பாதியில் பட்ட ஒளி மட்டும் கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழும். தகட்டின் ஓர் ஓரம் 15 பாகை சாய்வாக இருக்கும். டிம் போட்டுச் சுவரில் அடித்தால் வலது பக்கம் கிடைமட்டமாகவும் இடது பக்கம் மேலே ஏறியும் ஒரு கோடு தெரிகிறதே, அது இந்தச் சாய்வின் வேலை. இடது பக்கமாக ஓட்டும் நம் நாட்டில் நடந்து போகிறவர், சைக்கிள்காரர், மைல்கல், வளைவுப் பலகை எல்லாம் இடது ஓரத்தில். அங்கே கொஞ்சம் உயரமாக ஒளி வேண்டும். வலது பக்கம் எதிர் வண்டிக்காரரின் கண் இருக்கிறது. அங்கே ஒளி இடுப்புக்கு மேல் ஏறக் கூடாது. வலது ஓரமாக ஓட்டும் நாடுகளில் இதே கோடு வலது பக்கம் ஏறும். இப்படி ஒரு பக்கம் உயர்ந்த டிம் ஒளி ஐரோப்பாவில் 1957இல் வந்தது. அறுபது வருடத்துக்கு மேலாகியும் அந்த யோசனையை மிஞ்ச எளிதான வேறொன்று வரவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். பல்பு சரியாக உட்காராமல் ஒளி ஒரே ஒரு பாகை மேல்நோக்கிச் சாய்ந்தால், 50 மீட்டர் தூரத்தில் ஒளியின் விளிம்பு 87 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். முழங்காலுக்குக் கீழே நிற்க வேண்டிய ஒளி எதிர்க் காரின் கண்ணாடிக்கு ஏறிவிடுகிறது. பல்பு மாற்றும் வேலையில் நான் கவலைப்படுவது இந்த ஒரு பாகையைப் பற்றித்தான். எவ்வளவு வெளிச்சம் என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

இனி பல்பு வாங்குவது. காரின் கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கும். பழைய பல்பின் உலோக அடியிலும் பொறித்திருக்கும். எங்கள் வீட்டு வேகன்ஆரில் இருப்பது எச்4, 12 வோல்ட், 60/55 வாட். 60 பிரைட்டுக்கு, 55 டிம்முக்கு. 1971இல் வந்த வகை இது. நம் ஊர்ச் சிறிய கார்களில் இன்றைக்கும் இதுதான் அதிகம். டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி பல்பு உள்ள கார்களில் எச்7, எச்11, எச்1 என்று வரும். ஒன்றுக்கொன்று பொருந்தாதபடி அடிப்பாகத்தை வேறு வேறாகச் செய்திருக்கிறார்கள். 'எச்4 மாதிரிதான் இருக்கிறது, உட்கார்ந்துவிடும்' என்று அழுத்திப் பார்க்கிற விஷயமே இல்லை.

பல்பின் அடியில் ஒரு வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கிறதா என்று நான் பார்ப்பேன். ஐக்கிய நாடுகளின் வாகன விதிகளின்படி சோதித்து ஒப்புதல் தந்த நாட்டின் எண் அது. 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து. இந்த முத்திரை உள்ள பல்பில் இழை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கும் என்று நம்பலாம். சாலையோரம் அட்டைப்பெட்டியில் குவித்து விற்கும் பெயரில்லாத பல்பும் எரியத்தான் செய்யும். அதன் இழை நேராக இருக்கிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நீலக் கண்ணாடி பல்புகளை நான் வாங்குவதில்லை. ஹாலஜன் இழையின் ஒளி இயல்பிலேயே மஞ்சள் சாய்ந்தது. நீலப் பூச்சு அந்த மஞ்சளை வடிகட்டித்தான் வெள்ளை காட்டுகிறது. வடிகட்டியது போனது போனதுதான். மழையில் நனைந்த தார்ச் சாலையில் அந்த இழப்பு நன்றாகவே தெரியும். 'பிளஸ்' என்று போட்டு அதிக வெளிச்சம் தருவதாக விற்கும் நல்ல நிறுவன பல்புகள் வேறு ரகம். அவற்றில் இழையை இன்னும் சூடாக எரிய விட்டிருப்பார்கள். வெளிச்சம் கூடும், ஆயுள் குறையும். இரவில் அதிகம் ஓட்டுகிறவர்கள் தெரிந்தே வாங்கலாம். எதை வாங்கினாலும் இரண்டாக வாங்குங்கள். இரண்டு பக்க பல்பும் ஒரே அளவு எரிந்தவை. ஒன்று போயிருந்தால் மற்றொன்றும் கிளம்பத் தயாராகத்தான் இருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம்.

என்ஜினையும் விளக்கையும் அணைத்துவிட்டு, சாவியை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் ஆறவிட வேண்டும். எரிந்துகொண்டிருந்த ஹாலஜன் பல்பின் கண்ணாடி பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். உள்ளே அடைத்திருக்கும் வாயுவுக்கும் அழுத்தம் அதிகம். சூட்டோடு தொட்டால் கை வெந்துபோகும். கீழே விழுந்தால் கண்ணாடி சிதறித் தெறிக்கும். மூக்குக்கண்ணாடி போடாதவர்கள் வேலை முடியும்வரை கண்ணுக்கு ஏதாவது ஒரு கண்ணாடியை மாட்டிக்கொள்வது நல்லது.

பானெட்டைத் திறந்து டூமின் பின்பக்கம் பார்த்தால் மூன்று ஒயர்கள் போகும் கப்ளர் தெரியும். ஒயரைப் பிடித்து இழுக்காமல் கப்ளரின் உடம்பைப் பிடித்து, லேசாக மேலும் கீழும் அசைத்து, நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். பல வருடம் கழற்றாத கப்ளர் பிடிவாதமாக இருக்கும், பொறுமை வேண்டும். அதற்குப் பின்னால் கறுப்பு ரப்பர் மூடி. அதன் காதைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். ரப்பரில் எந்தப் பக்கம் மேலே என்று பெரும்பாலும் பொறித்திருப்பார்கள். கழற்றும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்பப் போடும்போது முக்கியம். ரப்பர் போனதும் பல்பின் பின்பக்கத்தை ஒரு கம்பிக் கிளிப் அழுத்திப் பிடித்திருப்பது தெரியும். கம்பியின் நுனியை உள்ளே அழுத்தி, பக்கவாட்டில் நகர்த்தினால் கொக்கியிலிருந்து விடுபடும். ஒரு பக்கம் பேட்டரியோ வாஷர் தண்ணீர்த் தொட்டியோ நெருக்கிக்கொண்டு நிற்கும். அங்கே கண்ணுக்குத் தெரியாமல் விரல் நுனியால்தான் கம்பியைத் தேட வேண்டியிருக்கும். அதற்கு ஒரு வழி உண்டு. இடம் தாராளமாக உள்ள பக்கத்தை முதலில் செய்யுங்கள். கிளிப் எப்படி விடுபடுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு, அடுத்த பக்கத்தை விரலே செய்துவிடும். இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக இருக்கக்கூடும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். செல்போனின் செல்ஃபி கேமராவைப் பின்னால் நீட்டிப் பார்ப்பதும் நன்றாக உதவுகிறது.

சில கார்களில் கம்பிக் கிளிப்புக்குப் பதில் பல்பையே இடப்பக்கம் கால் சுற்று திருப்பினால் கழன்றுவிடும். இன்னும் சில கார்களில் கை நுழைய வழியே இல்லாமல் சக்கர வளைவின் உள் பிளாஸ்டிக்கைக் கழற்றவோ, பம்பரைத் தளர்த்தி டூமையே வெளியே எடுக்கவோ வேண்டியிருக்கும். அந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் கையேட்டைப் பார்த்துவிட்டு, தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதே சரி. பம்பரின் கொக்கிகள் உடைந்தால் பல்பின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும்.

புது பல்பை வெளியே எடுக்கும்போது கண்ணாடியில் விரல் படக் கூடாது. இதை எல்லாரும் சொல்கிறார்கள், ஏன் என்று சொல்வதில்லை. பழைய காலத்து குண்டு பல்பு நாளாக ஆகக் கறுத்துப்போவதைப் பார்த்திருப்போம். இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் கண்ணாடியில் படிவதால் வரும் கறுப்பு அது. 1959இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் எல்மர் ஃப்ரிட்ரிச்சும் எம்மெட் வைலியும் காப்புரிமை பெற்ற விளக்கில், உள்ளே கொஞ்சம் அயோடின் சேர்த்தார்கள். ஆவியான டங்ஸ்டன் அயோடினுடன் சேர்ந்து, சுற்றி வந்து, இழையின் சூட்டில் பிரிந்து மறுபடியும் இழையிலேயே படியும். கண்ணாடி கறுக்காது, இழையும் நீடிக்கும். 1962இல் ஐரோப்பாவில் கார்களுக்கு எச்1 என்ற பெயரில் முதல் ஹாலஜன் பல்பு வந்தது இந்த வழியில்தான். இந்தச் சுழற்சி நடக்க வேண்டுமானால் கண்ணாடிச் சுவர் 250 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். சாதாக் கண்ணாடி தாங்காது என்பதால் சூடு தாங்கும் குவார்ட்ஸ் கண்ணாடி. விரலில் உள்ள எண்ணெயும் வியர்வை உப்பும் அந்தச் சூட்டில் குவார்ட்ஸோடு வினைபுரிந்து, அந்த இடம் மட்டும் பால்போல் வெளுத்து, சூடு ஒரே இடத்தில் தேங்கி, கடைசியில் வெடிப்பு விடும். நம் ஊர் வெயிலில் வியர்க்காத விரல் ஏது? உலோக அடியை மட்டும் பிடியுங்கள். பட்டுவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் துடைத்து, உலர்ந்த பிறகு பொருத்துங்கள். சட்டை நுனியால் துடைப்பது எண்ணெயைப் பரப்பத்தான் செய்யும்.

எச்4இன் உலோகத் தட்டில் மூன்று காதுகள் இருக்கும். மேல் காது அகலம், மற்ற இரண்டும் குறுகல். டூமில் அதற்கேற்ற மூன்று பள்ளங்கள். ஒரே ஒரு வாட்டத்தில்தான் உட்காரும். உட்கார்ந்ததும் தட்டின் சுற்று முழுக்க டூமோடு ஒட்டி நிற்க வேண்டும். விரலால் மெல்ல ஆட்டிப் பார்க்கும்போது அசையக் கூடாது. நான் மேலே சொன்ன அந்த ஒரு பாகை தவறுவது இங்கேதான். ஒரு காது பள்ளத்தில் இறங்காமல் மேலே ஏறி நின்றாலும் கம்பிக் கிளிப் எப்படியோ மாட்டிக்கொள்ளும், பல்பும் எரியும், ஓட்டுகிறவருக்கு எந்தக் குறையும் தெரியாது. கிளிப் மாட்டக் கஷ்டப்படுகிறது என்றாலே பல்பு சரியாக உட்காரவில்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடியும் பாருங்கள். அப்புறம் ரப்பரைப் பொறித்த பக்கம் மேலே இருக்க, சுற்றிலும் விளிம்பு நன்றாகப் படியும்படி அழுத்துங்கள். ரப்பர் ஓரம் மடங்கியிருந்தால் முதல் மழையிலேயே டூமுக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். நாளடைவில் கண்ணாடிப் பரப்பின் பளபளப்புப் பூச்சு உதிரும். கடைசியாகக் கப்ளர், 'டக்' என்று முழுக்க உள்ளே போகும்வரை.

கப்ளரைப் போடும் முன் அதன் முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பழுப்பேறி, பிளாஸ்டிக் உருகித் தெரிந்தால் பல்பு போனதற்குக் காரணமே அதுவாக இருக்கலாம். எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் இதைக் கற்றுக்கொண்டேன். "தம்பி, பல்பு வெளிச்சம் பத்தலன்னு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு பல்புல குத்தமே இருக்காது. எர்த்தைக் கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேச்சுவிட்டா போதும்" என்பார். அது உண்மைதான். ஹாலஜன் இழை வோல்டேஜுக்கு மிகவும் கூருணர்வு உள்ளது. பல்புக்குப் போய்ச் சேரும் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். துருப்பிடித்த எர்த் இணைப்பும், தளர்ந்த கப்ளரும், பழைய சுவிட்சும் சேர்ந்து அந்த ஒன்றிரண்டு வோல்ட்டைத் தின்றுவிடுகின்றன. என்ஜின் ஓடும்போது, விளக்கு எரிய, பேட்டரியில் எவ்வளவு, கப்ளருக்குப் பின்னால் எவ்வளவு என்று மல்டிமீட்டரில் பார்த்தால் திருட்டு எங்கே என்று தெரிந்துவிடும்.

அதைச் செய்யாமல் 100/90 வாட் பல்பு வாங்கிப் போடுகிறவர்கள் நிறைய. 55 வாட் டிம் பல்பு இழுப்பது சுமார் 4.6 ஆம்பியர். 90 வாட் இழுப்பது 7.5. ஒயரில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடிப்படி ஏறும் என்பதால், அதே ஒயரில் அதே கப்ளரில் இரண்டரை மடங்குக்கும் மேல் சூடு. ரிலே என்ற துணைச் சுவிட்ச் வைத்து பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்தால் ஒயர் தப்பிக்கும், ஆனால் 60/55க்குச் செய்த டூமின் பிளாஸ்டிக்கும் எதிரே வருகிறவரின் கண்ணும் தப்பிக்காது. சாலையில் ஓடும் காருக்கு இந்த பல்பு சட்டப்படியும் கூடாது.

அடுத்து எல்.ஈ.டி. இதைப் பற்றிப் பேசாமல் இன்று ஹெட்லைட் பல்பைப் பற்றி எழுத முடியாது. எச்4 பல்பு கேட்டு ஒரு கார் அலங்காரக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் பெட்டியைத் திறந்து, பின்னால் சிறு விசிறி வைத்த எல்.ஈ.டி. பல்பு ஜோடியை நீட்டினார். "சார், இன்னும் ஹாலஜனா? இதைப் போடுங்க, பகல் மாதிரி இருக்கும்" என்றார். எதிரே வருகிறவருக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், எல்லாரும் போடுறாங்க" என்றார். எல்லாரும் போடுகிறார்கள் என்பது நிஜம். ஒன்றும் ஆகாது என்பது நிஜம் இல்லை.

ஹாலஜன் இழை என்பது எல்லாத் திசையிலும் ஒளி விடும் மெல்லிய சுருள். அதற்கென்று கணக்கிட்ட டூமுக்குள், தட்டையான பலகையின் இரு பக்கமும் ஒட்டிய எல்.ஈ.டி. சில்லுகளை வைத்தால் ஒளி கிளம்பும் இடமும் பரவும் திசையும் மாறிவிடுகின்றன. விளைவு, டிம்மின் கோடு கலைகிறது. கோட்டுக்கு மேலே ஒளி கசிகிறது. காருக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டரில் வெள்ளையாகக் கொட்டிக் கிடப்பதால் ஓட்டுகிறவருக்கு பிரமாதமாகத் தெரிகிறது. அந்த வெள்ளைக்குக் கண் பழகிவிடுவதால் தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகிறது. வேண்டியது அந்தத் தூரம்தான். 80 கிலோமீட்டர் வேகத்தில், கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் 33 மீட்டர் ஓடிவிடும், பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 35 மீட்டர்.

ஹாலஜன் பல்புக்கு மாற்றாக எல்.ஈ.டி. வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியில் 2020இல் ஆஸ்ராம் நிறுவனத்தின் மாற்று எல்.ஈ.டி. பல்பு ஒன்றுக்கு அனுமதி தந்தார்கள். அதுவும் எந்தக் காரின் எந்த ஹெட்லைட்டில் வைத்துச் சோதித்தார்களோ அந்தக் கார்களுக்கு மட்டும். பல்பையும் டூமையும் ஒரே ஜோடியாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டுமா? நம் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 106ஆம் விதியும் முன்விளக்கின் ஒளி எதிரே உள்ளவரின் கண்ணைக் கூசச் செய்யாதபடி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. ஒரு காலத்தில் ஹெட்லைட்டின் நடுவில் கறுப்புப் பொட்டு வைப்பார்கள், போக்குவரத்துப் போலீஸார் நிறுத்தி ஒட்டிவிடுவதும் உண்டு. அந்தப் பொட்டு சரியான தீர்வு இல்லை. ஆனால் எதிரே வருகிறவருக்கும் கண் இருக்கிறது என்ற அக்கறை அதில் இருந்தது. இன்று அந்த அக்கறையே சாலையில் குறைந்துவிட்டது என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

பல்பு மாற்றி, டிம்மும் பிரைட்டும் எரிகிறது என்று பார்த்ததோடு வேலை முடிவதில்லை. சுவர் சோதனை பாக்கி. சமதரையில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி, காரை நேராக நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும், டாஷ்போர்டில் ஹெட்லைட் உயரக் குமிழ் இருந்தால் 0இல் வையுங்கள். தரையிலிருந்து பல்பின் நடு எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அதற்கு 5 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம் போட்டால் வலது பக்கக் கிடைமட்ட விளிம்பு அந்தக் கீழ்க்கோட்டில் படிய வேண்டும். 100க்கு 1 என்ற சரிவு இது. பல்பு 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் ஒளி சரியாக 65 மீட்டரில் தரையைத் தொடும். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக, ஒன்றைத் துணியால் மறைத்து (பிளாஸ்டிக் சூடாகாமல் சில நொடிகள் மட்டும்) பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் உயர்ந்திருந்தால் உடனே திருகைத் திருப்பாதீர்கள். முதலில் அந்தப் பக்க பல்பைக் கழற்றி மறுபடி உட்காரவையுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். அப்படியும் சரியாகாவிட்டால்தான் டூமின் பின்னால் உள்ள திருகு. எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் அந்த இரண்டு கோடுகளையும் நான் பெயின்ட்டிலேயே போட்டுவிட்டேன். வீட்டுக்கு வரும் உறவுக்காரர்களின் கார்களும் அதன் முன்னால் நின்றுவிட்டுத்தான் போகின்றன.

பல்பு புதிது, வோல்ட் சரி, கோடு சரி, அப்படியும் மங்கல் என்றால் டூமின் முகத்தைப் பாருங்கள். முன்பு கண்ணாடி, இப்போது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் மேல்பூச்சை அரித்து மஞ்சளாக்கிவிடும். வருடம் முழுக்க வெயிலில் நிற்கும் கார்களுக்கு இது சீக்கிரம் வரும். பற்பசை தேய்த்தால் பளிச்சென்று ஆகும், சில வாரங்களில் மறுபடி மங்கும், ஏனென்றால் காப்புப் பூச்சு போனது போனதுதான். தண்ணீர் விட்டு 800, 1000, 2000 எண் என்று படிப்படியாக நயமான உப்புத்தாளால் தேய்த்து, மெருகேற்றி, புற ஊதா தாங்கும் தெளிபூச்சு அடித்தால் நெடுநாள் நிற்கும்.

இப்படிக் கழற்றி மாட்டும் பல்பின் காலம் போய்க்கொண்டிருக்கிறது. அம்பாசடரின் 7 அங்குல வட்ட விளக்கு நினைவிருக்கிறதா? அந்த அளவு, அமெரிக்காவில் 1940 வாக்கில் வந்த, கண்ணாடியும் இழையும் பிரிக்க முடியாமல் ஒன்றாக மூடிய சீல்டு பீம் விளக்கின் அளவு. அந்த வகையில் இழை போனால் முழு விளக்கையும் தூக்கிப்போட வேண்டும். பிறகு பல்பை மட்டும் மாற்றும் வசதி வந்தது. 2007இல் லெக்சஸ் எல்எஸ் 600எச் காரில் டிம்முக்கு எல்.ஈ.டி. வந்ததிலிருந்து மறுபடியும் மூடிய விளக்கின் பக்கம் திரும்பியிருக்கிறோம். தொழிற்சாலையிலேயே எல்.ஈ.டி.க்கென்று வடிவமைத்த விளக்குகள் அருமையானவை, கோடு கத்தியால் வெட்டியது போல விழும். பழுதானால் பலவற்றில் முழு டூமையும் மாற்ற வேண்டும், செலவு சில நூறில் நிற்காது.

மச்சான் வாங்கியிருக்கும் கார் அந்த வகை. பல்பு மாற்றும் பேச்சுக்கே அதில் இடமில்லை. பொங்கலுக்கு வந்துவிட்டு இரவு கிளம்பும்போது பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் அரிசி மூட்டையும் தேங்காயும். பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கியிருந்தது. சுவருக்கு முன்னால் நிறுத்தி டிம் போடச் சொன்னேன். கோடு மேல்கோட்டையும் தாண்டி நின்றது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த குமிழைக் காட்டி, 0இலிருந்து 2க்குத் திருப்பச் சொன்னேன். மோட்டார் மெல்ல முனக, கோடு கீழே இறங்கியது. "இது எதுக்குன்னு இத்தனை நாளா தெரியாம இருந்திருக்கேன் மாமா" என்றார். இப்போதெல்லாம் ஆள் ஏறி முடித்ததும் சீட் பெல்ட்டுக்குக் கை போவதற்கு முன் அவர் கை அந்தக் குமிழுக்குப் போகிறது.